தாங்கியில் இரண்டு தட்டு

அடுத்த வளவில் ஜெயரூபன் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தத்தைச் சுதாகரன் கிணற்றடியில் நின்று எண்ணுவான். காலை ஆறரை மணி. வாயில் பற்பசை நுரை, தோளில் துவாய். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இருபதுக்கு மேலே போகிற நாட்களில் பல்லை இன்னும் ஆறுதலாகத் தீட்டுவான். ஒருநாள் நாற்பத்துமூன்று வரை போனது. அன்று இரண்டு தரம் வாய் கொப்பளித்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை இரண்டாவது உதையிலேயே ஸ்ரார்ட் வந்தது. செவ்வாயும் இரண்டு. புதனும் இரண்டு. வியாழக்கிழமை சுதாகரனுக்குக் காலைப் புட்டு இறங்கவில்லை.

அச்சுவேலிக்குத் தெற்கே, செம்மண் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில், மாமனார் தியாகராசா தன் காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாக எழுதியிருந்தார். மூத்தவள் கஜந்தினி சுதாகரனின் மனைவி, முன்பள்ளி ரீச்சர். இளையவள் தர்சினியைக் கட்டியவன் ஜெயரூபன். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். நடுவில் கிடுகு வேலி. கிணறும் ஒழுங்கையும் பொது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மற்ற வீட்டில் தும்முவார்கள்.

அந்த மோட்டார் சைக்கிள் பதினான்கு வருடம் சுதாகரனுடையது. சீ.டி. 125, இலங்கைக்கு வந்தபோதே பழையது. கலியாணம் முடித்த மாதம் வாங்கினான். காலையில் கஜந்தினியை முன்பள்ளியில் இறக்கிவிட்டு, அதிலேயே மூன்று மூடை வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவான். பெற்றோல் தாங்கியில் ஒன்று, பின்னுக்கு இரண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் ஊரில் விசிற் விசாக் காலம் வந்தது. கனடாவிலிருந்த தமையன் அழைப்புக் கடிதம் அனுப்பினார். சுதாகரன் கொழும்புக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்த கையோடு வீட்டுச் சாமான்களைக் கலைக்கத் தொடங்கினான். அப்படிச் செய்தவன் அவன் மட்டுமல்ல. அந்த ஆண்டு ஊரில் பாதிப் பேர் விசா வருமுன்னே ஆடு மாட்டை விற்றுவிட்டு வாசலில் இருந்தார்கள். இரண்டு ஆட்டை ஒருத்தருக்கும், மருந்தடிக்கிற மெசினை இன்னொருத்தருக்கும், மோட்டார் சைக்கிளைச் சகலன் ஜெயரூபனுக்கும் கொடுத்தான். ஏழாவது கிழமை பதில் வந்தது. ஒரு பக்கம். திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தது.

ஆடுகளைத் திருப்பி வாங்கினான். மெசினும் வந்தது. மோட்டார் சைக்கிளைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. ஜெயரூபன் அதற்குள் இருக்கைக்குப் புது உறை தைத்து, சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாக மினுக்கி வைத்திருந்தான்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ. ஆளே மாறியிட்டார்."

"நல்லாயிருக்கு."

"ஆனா ஸ்ரார்ட் வர மாட்டனெண்டுது. உங்களுக்கு எப்பிடி வந்தது?"

"பழஞ்சாமான். உதைக்க உதைக்கத்தான் வரும்" என்றான் சுதாகரன்.

அது பொய். சாவித் துளையில் திறப்பைப் போடாமல் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் சரித்து, காபரேட்டரின் அடிக்குழாயால் மூன்று சொட்டுப் பெற்றோல் விழும்வரை பிடிக்க வேண்டும். பிறகு நிமிர்த்தி மெதுவாக ஒரு உதை. அதன் பிறகு திறப்பைப் போட்டு இரண்டாவது உதை. அவ்வளவுதான். தன் கையை விட்டுப் போனாலும் தன்னை விட்டுப் போகாது என்று அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு நம்பிக்கை அவனிடம் இருந்தது. ஒவ்வொரு காலையும் வேலிக்கு அப்பால் கேட்ட உதைகள் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி.

இப்போது சாட்சி பிறழ்ந்துவிட்டது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் முதலில் சந்தேகப்பட்டது சண்முகநாதனை. சண்முகநாதன் சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுக் கராஜ் வைத்திருந்தான். சுதாகரனோடு ஒன்றாகப் படித்தவன்.

"ஜெயரூபன்ரை மோட்டச்சைக்கிளுக்கு ஏதும் செய்தனியோ?"

"எண்ணெய் மாத்தினது. ஏன்?"

"வேறை ஒண்டும் இல்லையோ?"

சண்முகநாதன் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே நிமிர்ந்தான். "உன்ரை வித்தையை நான் சொல்லிப்போட்டனோ எண்டு பாக்கிறாய். எனக்குத் தெரியாதடாப்பா. தெரிஞ்சிருந்தா அதை உதைச்சு உதைச்சு என்ரை முழங்கால் ஏன் இப்பிடிக் கிடக்குது?"

"நான் சும்மா கேட்டனான்."

"வித்த மாட்டின்ரை பாலை ஆரும் அளந்துகொண்டு நிப்பினமே? விடு. ஒண்டை வாங்கு."

பல மாதம் கழித்து வாங்குவதற்கு வழி வந்தது. விசா மறுக்கப்பட்டதற்குத் தானே காரணம் என்பதுபோலத் தமையனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. தைப்பொங்கலுக்கு அழைத்தவர், "உனக்கு விருப்பமான ஒரு மோட்டச்சைக்கிளைப் பார், நான் அனுப்பிறன்" என்றார். விருப்பம் எது என்று சுதாகரன் அதிகம் யோசிக்கவில்லை. ஓடினால் அடுத்த வளவின் சத்தம் கேட்கக்கூடாது. அப்படி ஒன்று வேண்டும். வட்டுக்கோட்டையில் குரூசர் என்கிற பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு நிற்பதாகச் சண்முகநாதன்தான் சொன்னான்.

போவதற்குத்தான் வழியில்லை. பஸ்ஸில் போக அவன் ஆயத்தமானபோது ஜெயரூபன் படலையில் வந்து நின்றான்.

"பஸ்ஸிலை ஏன் அண்ணை? நான் கொண்டுபோய் விடுறன். வரேக்கை ரெண்டாய் வருவம்."

மறுக்க ஒரு காரணம் தேடினான். கிடைக்கவில்லை. பதினான்கு வருடம் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் முதல் தடவையாக ஏறி இருந்தான்.

"உறை மெத்தெண்டு இருக்கே?"

"ம்."

"நீங்கள் பின்னுக்கு இருந்து பாத்திருக்க மாட்டியள்."

சுன்னாகம் வரைக்கும் சுதாகரன் கியர் மாறுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான். ஜெயரூபன் மூன்றாம் கியருக்குப் பிந்திப் போனான். எஞ்சின் முனகும் ஒவ்வொரு தடவையும் சுதாகரனின் இடது பாதம் பின் மிதியில் தானாக அழுந்தியது. பிரேக்கையும் முந்திப் பிடித்தான். எல்லாமே கொஞ்சம் பிழை. ஆனால் மோட்டார் சைக்கிள் அதைப் பொருட்படுத்தாமல், யார் ஓட்டினால் என்ன என்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சங்கானையில் தேத்தண்ணி குடிக்க நின்றார்கள். வடை சூடாக இருந்தது. ஜெயரூபன் தன் பிள்ளைக்குப் பல் முளைப்பதைப் பற்றிக் கதைத்தான். திரும்ப ஏற வந்தபோது சுதாகரன் நாலடி தள்ளி நின்று பார்த்தான். ஜெயரூபன் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் சரித்தான். மூன்று சொட்டு விழுந்தது. நிமிர்த்தினான். மெதுவாக ஒரு உதை. திறப்பைப் போட்டான். பிறகு வலது உள்ளங்கையை விரித்து, தாங்கியின் மேல் இரண்டு தரம் தட்டினான். உதைத்தான். ஸ்ரார்ட் வந்தது.

"ஏறுங்கோ அண்ணை."

சுதாகரன் ஏறவில்லை.

சரிப்பதற்குக் காரணம் இருந்தது. மெதுவான உதைக்கும் காரணம் இருந்தது. தட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அது சுதாகரனின் கைக்கு எந்த வருடத்திலோ வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். எந்த மெக்கானிக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க மாட்டான். காலை காலையாகச் சேலைக் கொய்யகத்தை ஒரு கையிலும் சாப்பாட்டுப் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்று பார்த்த ஒருத்தி மட்டும்தான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க முடியும். அதுவும் வேலையின் ஒரு பகுதி என்று நம்பி.

வட்டுக்கோட்டையில் யோசப்பின் என்ற அம்மாவின் வீட்டு விறாந்தையில் குரூசர் நின்றது. மகன் லண்டனுக்குப் போய் மூன்று வருடம். கறுப்பு நிறம், மாட்டுக் கொம்பு மாதிரி விரிந்த கைபிடி, தாழ்ந்த இருக்கை. நூற்றெண்பது கிலோவுக்கு மேல் பாரம் என்று ஜெயரூபன் அசைத்துப் பார்த்துச் சொன்னான்.

"வெள்ளிக்கிழமையிலை துடைப்பன்" என்றார் யோசப்பின். "இது நிண்டா அவன் உள்ளுக்கை நிக்கிற மாதிரி எனக்கு. இப்ப அங்கையும் ஒண்டு வாங்கியிட்டானாம். படம் அனுப்பினவன். பேந்து நான் மட்டும் ஏன் துடைப்பான்?"

பொத்தானை அழுத்த ஸ்ரார்ட் வந்தது. உதைக்கும் மிதியே அதில் இல்லை. ஒரு விரல் போதும். யாருடைய விரலும் போதும்.

வரும் வழியில் பிள்ளையார் கோயிலில் நிறுத்தினார்கள். ஐயர் சந்தனம் பூசி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். முன்சில்லின் தேசிக்காய் நசியாமல் வழுக்கி ஓடிப்போய் ஜெயரூபனின் காலடியில் நின்றது. அவன் அதை எடுத்து வந்து திரும்ப வைத்தான். "பாரம் காணாது போலை, அண்ணை" என்று சிரித்தான். சுதாகரன் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் குசினியில் கஜந்தினி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். குரூசரை வந்து பார்த்துவிட்டு, "பெரிசுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சுதாகரன் கதவு நிலையில் நின்றான்.

"ஜெயரூபனுக்கு ஆர் சொன்னது?"

"எதை?"

"சரிக்கிறதை."

தேங்காய்ப் பாதி திருவலையில் ஒரு சுற்றுச் சுற்றியது. "நான்தான் சொன்னனான்."

அவள் மறுப்பாள் என்று நினைத்து, மறுப்புக்கு ஏற்ற மாதிரி வழி முழுக்கக் கதை கோத்துக்கொண்டு வந்திருந்தான். அது ஒன்றுக்கும் உதவவில்லை.

"ஏன் சொன்னனீ?"

"தர்சினிக்கு அப்ப எட்டு மாசம். கிளினிக் நாள். அவள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், அவன் உதைச்சு உதைச்சுக் கால் வீங்கி நிக்கிறான். நாப்பத்துமூண்டு."

அவளும் எண்ணியிருக்கிறாள்.

"என்னட்டைச் சொல்லியிருந்தா நான் போய்ச் சொல்லியிருப்பன்."

"நீங்கள் கிணத்தடியிலை நிண்டு சிரிச்சனீங்கள்."

"நான் பல்லுத் தீட்டினனான்."

"பல்லுத் தீட்டிற வாயும் எனக்குத் தெரியும், சிரிக்கிற வாயும் தெரியும்." திருவுவதை நிறுத்தினாள். "இத்தினை வருசத்திலை அப்பிடி ஒரு சிரிப்பை உங்கடை முகத்திலை நான் காணேல்லை. இன்னொருக்காக் கண்டனெண்டா, இந்த வீட்டிலை சமைப்பன், கூட்டுவன், உடுப்புத் தோய்ப்பன். உங்களுக்கு மனிசியா இருக்க மாட்டன்."

"என்ரை சாமானை அவனுக்குக் குடுத்துப்போட்டு எனக்குக் கதை சொல்லுறாய்."

"சைக்கிளைக் குடுத்தது நீங்கள். அதை ஓடேலாமல் குடுத்ததும் நீங்கள்தான்."

"தாங்கியிலை தட்டிறதையும் சொன்னனீயோ?"

"ஓம். அது இல்லாமல் வராதெல்லே."

அவன் வெளியே போய், பிறகு திரும்பி வந்து, "இனி அவன்ரை மோட்டச்சைக்கிளிலை நீ ஏறக்கூடாது" என்றான். ஒரு வருடமாக ஜெயரூபன் வேலைக்குப் போகிற வழியில் அவளை முன்பள்ளியில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

"சரி" என்றாள்.

திங்கட்கிழமை அவள் குரூசரில் ஏறினாள். பின் இருக்கை ஒரு வெற்றிலை அளவு. அதுவும் பின்னுக்குச் சரிவு. சேலையோடு ஒருபக்கமாக இருந்தவளுக்குக் கால் வைக்க இடம் இல்லை. சந்திக்கு வருவதற்குள் மூன்று தரம் வழுக்கினாள். நான்காவது தரம் நிறுத்தச் சொல்லி இறங்கி, கொய்யகத்தைச் சரிசெய்தாள்.

"இது ஒரு ஆளுக்குச் செய்த சாமான்" என்றாள். "நீங்கள் போங்கோ."

மிச்சத் தூரத்தை நடந்தாள். மறுநாள் தன் பழைய மிதிசைக்கிளுக்குக் காற்றடித்து எடுத்தாள். காலையில் ஒழுங்கையில் மூன்று பேர் தனித்தனியாகப் போனார்கள். குரூசரின் சத்தத்துக்கு நாய்கள் குரைத்தன. அதற்குள்ளும் சுதாகரனுக்கு அடுத்த வளவின் இரண்டு தட்டும் இரண்டாவது உதையும் கேட்டன. வீட்டில் சோறு நேரத்துக்கு வந்தது, தேத்தண்ணி நேரத்துக்கு வந்தது. கதை வரவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை. ஐந்து கிழமை அப்படிப் போனது.

மாசிக் கடைசியில் வெங்காயம் கிண்டினார்கள். ஒரு மைல் தள்ளிய குத்தகைத் தோட்டத்தில் தாளோடு பிடுங்கி வரிசை வரிசையாகப் பரப்பிக் காயவிட்டிருந்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. கஜந்தினியும் தோட்டத்தில் நின்றாள். பத்து மணிக்குத் தொண்டைமானாற்றுப் பக்கம் வானம் கறுத்தது. அந்த மாதத்தில் வரக்கூடாத மழை. காய்ந்த வெங்காயத்தில் மழை பட்டால் நாலு நாளில் அழுகல் மணக்கும்.

இருவரும் கதைக்காமலே மூடைகளில் அள்ளினார்கள். லான்ட்மாஸ்ரர் உழவு மெசின்காரன் வேறு தோட்டத்தில் நின்றான், அழைத்தால் எடுக்கவில்லை. குரூசரின் தாங்கி கண்ணீர்த்துளி மாதிரிச் சரிந்தது; அதில் மூடை நிற்காது. நின்றாலும் பயனில்லை. அதன் பக்கக் கால் ஈரமண்ணில் புதைந்து, குரூசர் வேலிப் பூவரசில் சாய்ந்து கிடந்தது.

முதல் துளி விழுந்தபோது வரம்பில் பழகிய எஞ்சின் சத்தம் கேட்டது.

"நான்தான் ரெலிபோன் எடுத்தனான்" என்றாள் கஜந்தினி, அவனைப் பார்க்காமல்.

ஜெயரூபன் இரண்டு தரம் மும்மூன்று மூடையாகக் கொண்டுபோய் வீட்டில் இறக்கினான். மூன்றாம் தரம் வந்து நிறுத்தியபோது மழை கொட்டத் தொடங்கியது. ஒன்பது மூடை மிச்சம். மூடுகிற படங்கு நாலு மூடைக்குத்தான் போதும். மூன்றை ஏற்றிக் கட்டினார்கள். ஜெயரூபன் சரித்தான், மூன்று சொட்டுப் பார்த்தான், தட்டினான், உதைத்தான். வரவில்லை.

திரும்பவும் முதலிலிருந்து. வரவில்லை.

"அக்கா, மழையெண்டா நான் இதை எடுக்கிறேல்லை. மழைக்கு வேறை ஏதும் இருக்கோ?"

அவன் கேட்டது கஜந்தினியிடம். சுதாகரன் மூன்றடி தூரத்தில் நின்றான்.

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், ஜெயரூபன்."

மழையில் அந்த மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் செய்வதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. மழை நாளில் அவளுக்கு முன்பள்ளி இல்லை, சுதாகரன் தனியாகத்தான் தோட்டத்துக்கு வருவான். ஜெயரூபன் உதைத்தான். நாலு. ஐந்து. ஆறு. சுதாகரன் எண்ணிக்கொண்டிருப்பதைத் தானே கவனித்தான். ஏழு. எட்டு. பழைய இதம் ஒன்று நெஞ்சுக்குள் மெல்ல ஏறி வந்தது. அவனுடையது அவனிடம்தான் இருக்கிறது. ஒன்பது.

கஜந்தினி திரும்பினாள். ஜெயரூபனின் காலையோ மூடைகளையோ அவள் பார்க்கவில்லை. மழை வழிய வழிய, கண்ணை இடுக்கிக்கொண்டு, சுதாகரனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுதாகரன் முகத்தைக் கையால் வழித்தான்.

"இறங்கும்" என்றான்.

ஜெயரூபன் இறங்கினான். சுதாகரன் இருக்கையைக் கழற்றி, கருவிப் பெட்டிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினான். கறுப்பாக ஒரு சைக்கிள் ரியூப் துண்டு வந்தது. இரண்டு வருடமாக அங்கேயே இருந்தது.

"உது என்னண்ணை? நான் காணேல்லையே."

"பிளக் மூடி வெடிச்சது. ஈரம் பட்டா கரண்ட் வெளியாலை போகும்." கஜந்தினியிடம் கையை நீட்டினான். "உன்ரை தலைத்துண்டைத் தா. உள்பக்கம் காஞ்சிருக்கும்."

அவள் அவிழ்த்துக் கொடுத்தாள். பிளக்கையும் மூடியையும் துடைத்து, ரியூப் துண்டை அதன்மேல் இழுத்து மாட்டினான். குழந்தைக்குக் காலுறை போடுகிற மாதிரி இரண்டு விரலால் விரித்து மாட்ட வேண்டும். ஜெயரூபன் குனிந்து பார்ப்பதற்காகத் தன் தோளை விலக்கிக்கொண்டான்.

"பாத்தனீரோ? இழுத்துப் போட்டாக் கிழியும். விரிச்சுப் போடவேணும்."

"பாத்தனான் அண்ணை."

"இப்ப நீர் உதையும்."

ஜெயரூபன் ஏறினான். சரித்தான், நிமிர்த்தினான், மெதுவாக ஒரு உதை, திறப்பு. வலது கை விரிந்து தாங்கிக்கு மேலே வந்தது.

"அதை விடும்" என்றான் சுதாகரன்.

"எதை?"

"தட்டிறதை. தாங்கிக்குப் பழுது. உள்ளுக்குத் துரு கொட்டுண்டு காபரேட்டரை அடைக்கும்."

"அக்கா தட்டச் சொன்னவ. நீங்களும் தட்டினனீங்களாமே."

"நான் தட்டேக்கை தகரம் புதுசு."

ஜெயரூபன் கையை எடுத்துவிட்டு உதைத்தான். ஸ்ரார்ட் வந்தது. மூன்று மூடையும் மழைக்குள் வரம்பால் அசைந்து அசைந்து போயின. பிறகும் மூன்றுதரம் வந்து போனான். இரண்டு மூடை நனைந்தது. மிச்சம் தப்பியது. கடைசித் தரம் போகும்போது, பின்னுக்கு மூடை இல்லாததால், "அக்கா, ஏறுங்கோ" என்றான் ஜெயரூபன். கஜந்தினி சுதாகரனைப் பார்த்தாள்.

"போ" என்றான். "நனையாதை."

குரூசரை மண்ணிலிருந்து கிளப்ப மறுநாள் ஆறு பேர் வர வேண்டும் என்று தெரிந்தது. அவன் நடந்து வீட்டுக்கு வந்தான். கோப்பையில் தேத்தண்ணி மூடியிருந்தது. அருகில் ஒரு துண்டுப் பனங்கட்டி. ஐந்து கிழமையாக அது இல்லாமல்தான் குடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு ஜெயரூபன் வெளிக்கிடவில்லை. திங்கட்கிழமை ஆறரைக்குச் சுதாகரன் கிணற்றடியில் நின்றான். கஜந்தினி முன்பள்ளிச் சேலையோடு குடத்துக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் மோட்டார் சைக்கிளைச் சரிக்கும் சத்தம் கேட்டது. மெதுவான உதை. திறப்பு விழும் கிளுக்.

பிறகு தாங்கியில் ஒரு தட்டு.

சுதாகரனின் கை வாயருகே நின்றது. அடுத்த வளவில் ஜெயரூபனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டாவது தட்டு கேட்கவில்லை. உதை கேட்டது. ஸ்ரார்ட் வந்தது.

கஜந்தினி குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"மெய்யாத் தாங்கிக்கோ பழுது?" என்று கேட்டாள்.

சுதாகரன் பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரை. அவள் அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடத்தோடு வீட்டுப் பக்கம் நடந்தாள்.